உன் முழங்காலைப் பற்றி வாடிப்பட்டியில் சொல்லிவிட்டு வந்தேன்

என் மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க இந்த முறை கை வரவில்லை. வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். உன் அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. காளவாசல் தீவனக் கடை நடக்கிறது. மழை பெய்து எங்கே பார்த்தாலும் புல் முளைத்துவிட்டதால் பருத்திக்கொட்டைக்கும் புண்ணாக்குக்கும் வருகிறவர்கள் குறைவு, அவ்வளவுதான். ஆனால் திங்கட்கிழமை உன் கடிதம் வந்ததிலிருந்து நான் கோபமாக இருக்கிறேன். கடையில் இரண்டு பேர்மேல் எரிந்து விழுந்தேன். வீட்டில் தோசை கருகிவிட்டதென்று தட்டைத் தள்ளினேன். "யாரு மேல கோவமோ அவுங்ககிட்டப் போய்க் காட்டுங்க, தோசக்கல்லு என்ன செஞ்சுச்சு?" என்றாள் உன் அம்மா. அவள் சொன்னதுதான் சரி. போய்க் காட்டிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். காட்ட வேண்டியவர்களில் நீ ஒருத்தி, நான் ஒருவன். நீளமாக வரும். விடுதியில் விளக்கை அணைப்பதற்குள் படித்து முடி.

நீ என்ன எழுதியிருந்தாய்? "நாத்தனாராக வரப் போகிறவள் கடிதம் போட்டிருந்தாள். சைக்கிள், நீச்சல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவேன் என்று நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் அவர்களிடம் சம்மதித்து விட்டீர்களாமே. பரவாயில்லை அப்பா. விடுதியில் இருக்கிற சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன்." நாலு வரி. அதில் ஒரு திட்டு இல்லை, ஒரு கேள்வி இல்லை. என் மகள் எழுதுகிற கடிதமா இது? ஏழாம் வகுப்பில் உன் பேனாவை நான் யாருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவள் நீ. உன் காலையே எடுத்துக் கொடுத்திருக்கிறேன், பரவாயில்லை என்கிறாய். நீ என்னைத் திட்டி எழுதியிருந்தால் சமாதானம் சொல்லி நானும் நாலு வரியில் முடித்திருப்பேன். நீ சும்மா இருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆமாம், சம்மதித்தேன். ஐப்பசியில் நம் வீட்டுக் கூடத்தில், தட்டு மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால், உன்னைக் கேட்காமல் சம்மதித்தேன். அது எப்படி நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன்னால், உன் முழங்கால் எப்படிப் போனது என்பதை என் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக நாம் இரண்டு பேரும் அதைப் பேசாமல் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம்.

நீ ஓடத் தொடங்கியபோது சொந்தக்காரர்கள் பேசியதெல்லாம் உனக்கே தெரியும். வயதுக்கு வந்த பிள்ளையை அரை டிராயரோடு மைதானத்தில் ஓட விடுகிறான் என்றார்கள். நான் அசையவில்லை. அப்போது என்னைப் பற்றி எனக்கே பெருமை, ஊருக்கு முன்னால் நிற்கிற அப்பா என்று. அந்தப் பெருமைதான் பிறகு உன் காலில் வந்து இறங்கியது. எண்ணூறு மீட்டரில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாய். அடுத்து, பல மாவட்டங்கள் சேர்ந்த கோட்டப் போட்டிக்குக் கடையை மூடிவிட்டு, காளவாசலில் பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஓட்டத்துக்கு முன்னால் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாய்: "அப்பா, வலது காலு பூட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. மடக்குனா உள்ள என்னமோ மாட்டுது." நான் உன் காலைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரைப் பார்த்தேன். "இம்புட்டுப் பேரு வந்துருக்காங்க பாப்பா. ரெண்டு ரவுண்டுதான, பல்லக் கடிச்சுக்கிட்டு ஓடிரு" என்றேன்.

ஓடினாய். இரண்டாவதாக வந்தாய். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் விழுந்தாய். வேனில் வந்தவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், நானும் தட்டிக்கொண்டிருந்தேன். தடுக்கி விழுந்துவிட்டாய் என்று நினைத்தேன். வீட்டுக்கு வருவதற்குள் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? உளுந்து மாவும் முட்டையும் குழைத்து மூன்று வாரம் கட்டுப் போட வைத்தேன். டாக்டரிடம் போனால் கத்தியைத் தூக்குவார் என்ற பயம். கடைசியில் போனபோது அந்த எலும்பு டாக்டர் என்னைத்தான் முறைத்தார். "உள்ளே ஜவ்வு கிழிஞ்சிருக்கு. மூணு வாரம் முன்னாடி வந்திருக்கணும். இனிமே ஓட்டம் கிடையாது. ஓடினா முப்பது வயசுல இந்தப் பொண்ணு தரையில உக்காந்து எந்திரிக்க முடியாது" என்றார். நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "வேற எதுவுமே ஆட முடியாதா சார்?" என்று கேட்டாய். அவர் முகம் கொஞ்சம் இளகியது. மூட்டில் உடம்புப் பாரம் விழாத ஆட்டமாக எடுத்துக்கொள், சைக்கிள் மிதி, நீச்சல் அடி, தொடைச் சதை உறுதியானால் அதுவே மூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்றார்.

நான் உடனே ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கி வந்தேன். அதைப் பார்த்து உதட்டைச் சுழித்தாயே, மறந்திருக்க மாட்டாய். "ஓட்டக்காரியாப்பா நானு, பால்காரரா?" என்றாய். "பால்காரருக்கு மொழங்கால் வலிக்குதான்னு கேட்டுட்டு வந்து பேசு" என்றேன். நீ உண்மையிலேயே போய்க் கேட்டாய். முப்பது வருடமாக மிதிக்கிறேன், முதுகுதான் வலிக்கிறது, முழங்கால் கல்லு மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் சைக்கிளில் கை வைத்தாய். அதிலும் நான் ஒரு தப்புச் செய்தேன். நீ விழுந்துவிடக் கூடாதென்று, இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற மாதிரி சீட்டை அடியோடு இறக்கி வைத்தேன். பத்து நாளில் வலி கூடிவிட்டது. டாக்டரிடம் போனால் அவர் சைக்கிளைத் தெருவில் இருந்து உள்ளே கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "யாரு இந்த சீட்டை இறக்கினது?" என்றார். நீ என்னைக் கை காட்டினாய். பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும், குந்தி உட்கார்ந்த மாதிரி மிதித்தால் மொத்த அழுத்தமும் முழங்காலில்தான் என்று விளக்கினார். அன்றைக்கே சீட்டை ஏற்றினோம். இதை எதற்கு இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நான் செய்த காரியங்களில் பாதி இந்த ரகம்தான். என் பயத்துக்குத் தோதாக உன் சீட்டை இறக்குவது.

நீச்சலுக்கு மதுரையில் உனக்கு இடம் கிடைக்கவில்லை. ஆண்களுக்குத்தான் என்று வாசலிலேயே சொன்னார்கள். என்னிடம் புண்ணாக்கு வாங்குகிற அலங்காநல்லூர் விவசாயி ஒருவர் தன் தோட்டத்துக் கிணற்றில் கற்றுக்கொள்ளச் சொன்னார். எண்ணெய் டின் ஒன்றை வாய் அடைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மிதப்பதற்காக உன் முதுகில் கட்டி இறக்கினோம். அவர் வீட்டம்மாதான் உனக்கு வாத்தியார். நீ காலைத் தவளை மாதிரி விரித்து உதைத்தால் முழங்காலுக்கு ஆகாது, நேராகக் கத்திரி போல அடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நான் மேட்டில் நின்று கத்துவேன். அந்த அம்மா தண்ணீருக்குள் இருந்தபடி, "அண்ணே, ஒங்களுக்கு நீச்சத் தெரியுமா?" என்று கேட்டது. தெரியாது என்றேன். "அப்பச் சும்மா நில்லுங்க" என்றது. அந்தக் கிணற்று மேட்டில் நின்று சிரித்த மாதிரி நான் பிறகு சிரித்ததில்லை.

ஊர் அதற்கும் பேசியது. பெண்பிள்ளை கால்சட்டை போட்டுக்கொண்டு கிணற்றில் குதிக்கிறது என்று பஸ்ஸில் என் காது படவே சொன்னார்கள். என் ஆத்திரம் அங்கேதான் தொடங்குகிறது. மாடு குத்திய தழும்பைச் சட்டையைத் தூக்கிக் காட்டுகிற ஊர்கள் இவை. கபடியில் கை ஒடிந்தவன், சிலம்பத்தில் பல் போனவன், இவனெல்லாம் வீரன். அவன் நொண்டிக்கொண்டு நடந்தால் அதற்கு ஒரு கதை சொல்லிப் பெண் கொடுப்பார்கள். ஓடி ஓடி ஜவ்வு கிழிந்த ஒரு பெண்ணின் முழங்கால் மட்டும் குறை. மூடி வைக்க வேண்டிய குறை. அதை அவள் மிதித்தும் நீந்தியும் தன் உழைப்பால் தேற்றிக்கொண்டால் அது அடங்காத்தனம்.

தேற்றிக்கொண்டாய் என்பதற்கு நான் சாட்சி. ஒரு வருடத்தில் காளவாசலில் இருந்து நாகமலை வரை போய்த் திரும்பினாய். நான் மொபெட்டில் பின்னால் வருவேன்; ஏற்றத்தில் நீ என்னை முந்துவாய். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்காக இரண்டு மாதம் எல்லாவற்றையும் நிறுத்தினாயே, அப்போது என்ன ஆனது? முழங்கால் மறுபடி வீங்கியது. பரீட்சை ஹாலுக்கு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து, வலது காலை இழுத்து ஏறினாய். அந்தக் காட்சியை மறக்க நான் என்ன முட்டாளா? உனக்கு அது பொழுதுபோக்கு இல்லை, உன் காலுக்குச் சோறு. அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று இந்த உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும்: டாக்டருக்கு, உனக்கு, எனக்கு. தெரிந்த நான்தான் சம்மதித்தேன்.

பாரம் மூட்டை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடை முதலாளி ஆவதற்கு முன்னால் பதினாறு வயதில் இருந்து பன்னிரண்டு வருடம் மூட்டை தூக்கியவன் நான். இன்றைக்குக் கோயிலில் கும்பிட்டு விழுந்தால் எழுந்திருக்க ஒரு தூணைத் தேடுகிறேன். எனக்கு வேறு வழி இல்லாமல் தேய்ந்தது. உனக்கு வழி இருக்கிறது, நீயே கண்டுபிடித்து வைத்திருக்கிறாய், அதைப் போய் அடைத்திருக்கிறேன்.

ஏன் அடைத்தேன்? உன் பெரிய அத்தை பேச்சைக் கேட்டு. வாடிப்பட்டிச் சம்பந்தம் வந்த அன்றே அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னது: "தம்பி, இந்த மொழங்காலு விசயத்துல நீ வாயத் தொறக்காத. நல்ல எடம். பையன் பேங்குல வேல. நொண்டிப் புள்ளையத் தலையில கட்டுறான்னு பேரு வந்துரும்." "நொண்டி இல்லக்கா" என்றேன். "நமக்குத் தெரியும், அவுங்களுக்குத் தெரியுமா? கல்யாணம் முடிஞ்சா எல்லாம் சரியாப் போயிரும்" என்றது. என் கடையில் நனைந்த பருத்திக்கொட்டையை நனைந்தது என்று சொல்லித்தான் கொடுப்பேன். வாங்குகிறவன் கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்வேன். அப்படித்தான் இருபது வருடம் நிலைத்தேன். அப்படிப்பட்டவன் அன்றைக்கு, "சரிக்கா" என்றேன்.

நிச்சயதார்த்தத்தன்று நீ உள் அறையில் இருந்தாய். கூடத்தில் உன் மாமனாராக வரப் போகிறவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். இளவட்டத்தில் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் மாடு அணைந்த கதையைச் சொன்னார். வேட்டியை ஒதுக்கித் தொடையில் ஒரு சாண் நீளத் தழும்பைக் காட்டினார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் ஆகா என்றேன். பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "பொண்ணு ஓட்டத்த விட்டுருச்சாம்ல? நல்லது. இந்தச் சைக்கிளு, கெணத்து நீச்சலு அம்புட்டையும் இங்கனயே விட்டுட்டு வரட்டும். எங்க ஊருல மருமகளுக அப்படிப் பழகுனதில்ல."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏன் மிதிக்கிறாள் என்று சொன்னால் ஏன் ஓட்டத்தை விட்டாள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் முழங்கால் வெளியே வந்துவிடும். ஒன்றை மறைத்தவனுக்கு அடுத்ததற்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. "சரி சம்பந்தி" என்றேன். அடுத்த நிமிடம் தட்டு மாற்றினோம். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தது. நாளைக்குச் சரியாகிவிடும் என்று சாப்பிட உட்கார்ந்தேன்.

இப்போது உன் கடிதம் வந்த பிறகு நடந்ததைக் கேள். நேற்று, வியாழக்கிழமை, வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் தடுக்கவில்லை, சட்டையை மாற்றிக்கொண்டு போங்கள் என்று மட்டும் சொன்னாள். போன உடனே சம்பந்தி, "வாங்க வாங்க, கல்யாணப் பத்திரிகை வந்துருச்சா? உக்காருங்க" என்றார்.

"பத்திரிகை வரல சம்பந்தி. ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டு உக்காருறேன்" என்றேன்.

"நின்னுக்கிட்டுச் சொல்ற மாதிரி என்ன விசயம்?"

"எம் மகளுக்கு வலது மொழங்கால்ல ஜவ்வு கிழிஞ்சு ஆறு வருசம் ஆச்சு. ஓட்டத்த அதுக்குத்தான் விட்டா. அத ஒங்ககிட்டச் சொல்லாம மறச்சது நானு. அவளுக்கு அதுல பங்கு இல்ல."

அவர் வெற்றிலைப் பெட்டியை மூடினார். "தை மாசக் கல்யாணத்துக்கு இன்னும் எம்புட்டு நாளு இருக்கு? ஊரு பூராச் சொல்லியாச்சு. இன்னைக்கு வந்து காலு ஊனம்ங்கிறீரு?"

"ஊனமில்ல. சைக்கிளும் நீச்சலும் இருக்கிற வரைக்கும் ஒங்க மச்சுப்படியில ரெண்டு ரெண்டாத் தாவி ஏறுவா. நிப்பாட்டுனா கைப்பிடியப் புடிச்சு ஒவ்வொண்ணா ஏறுவா. அன்னைக்குச் சரின்னு சொன்னேன்ல, அந்தச் சரியத் திரும்ப வாங்கிக்கிட்டுப் போக வந்துருக்கேன்."

"வாக்குக் குடுத்துட்டுத் திரும்ப வாங்குறதா? நல்ல யாவாரிய்யா நீரு."

"யாவாரத்துல வாக்கு மாறுனதில்ல. அங்க எஞ் சரக்கு, நான் பேசலாம். மொழங்காலு அவளோடது. அதுக்கு நான் வாக்குக் குடுத்ததே தப்பு."

"மருமக சைக்கிள்ல போனா ஊரு என்ன பேசும்னு தெரியுமா?"

எனக்கு அடக்க முடியவில்லை. "ஒங்க தொடையில மாடு குத்துனப்ப ஊரு என்ன பேசுச்சு? எங்க வீட்டுக் கூடத்துல வேட்டிய ஒதுக்கிக் காட்டுனீங்களே. நீங்களும் ஒரு வெளையாட்டுலதான் அடிபட்டீங்க, எம் மகளும் ஒரு வெளையாட்டுலதான் அடிபட்டா. ஒங்களுது பெருமை, அவளுது ஊனமா?" என்றேன். குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே இருந்து அவர் வீட்டம்மா குரல் வந்தது: "மழ மேகம் கறுத்தா அந்தக் காலப் புடிச்சு விடச் சொல்லி என் உசுர வாங்குறாரு. அந்தப் பெருமைய நான்ல முப்பது வருசமாச் சொமக்குறேன்." வந்து எனக்குக் காப்பி வைத்துவிட்டுப் போனது. அவர் முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்றார். "அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். பழைய பேச்சுப்படி நடந்தாக் கல்யாணம். இல்லாட்டி ஒங்க மகளுக்கு வேற எடம் பாத்துக்கங்க" என்றார். நான் காப்பியைக் குடிக்காமல் வந்திருக்கலாம். ஆனால் வைத்தது அந்த அம்மா, அதனால் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இத்தனைக்கும் பையன் அங்கேதான் இருந்தார், கதவோரத்தில். ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னாலேயே வந்தார். "மாமா, நீங்க சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா இப்போதைக்கு அப்பாகிட்ட சரின்னு சொல்லிருங்க. கல்யாணம் முடிஞ்சதும் என் பேங்க் இருக்கிற திண்டுக்கல்லுக்குத் தனியாப் போயிருவோம்ல. அங்க அவங்க சைக்கிள் ஓட்டினா அப்பாவுக்கு எப்படித் தெரியப்போகுது?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்துத்தான் இருந்தது. வியாபார மூளைக்கு அது சுலபமான வழி. இரண்டு பக்கமும் நஷ்டம் இல்லை. பிறகுதான் அக்காவின் அடுப்படிப் பேச்சு நினைவுக்கு வந்தது. கல்யாணம் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதே சரக்கு, வேறு சாக்கு. மாமனார் வருகிறார் என்றால் சைக்கிளைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைப்பாய். பொங்கலுக்கு ஒரு மாதம் வாடிப்பட்டியில் இருந்தால் கால் வீங்கி, வழுக்கி விழுந்தேன் என்று பொய் சொல்வாய். "மாப்ள, ஒரு தடவ மறச்சுப் பாத்தவன் நானு. எம்புட்டு வருசம் ஒளிஞ்சு ஒளிஞ்சு மிதிப்பா?" என்று கேட்டேன். "இத எங்கிட்டச் சொல்லாதீங்க, அவளுக்கு எழுதுங்க. ஒங்க அப்பா என்ன சொல்றாருங்கிறதை நானே எழுதிருவேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு மட்டும் எழுதுங்க" என்றேன். பஸ் வந்துவிட்டது. ஏறும்போது, "அவங்க எந்நேரம் மாமா சைக்கிள் ஓட்டுவாங்க?" என்று கேட்டார். விடிந்ததும் என்றேன். அவர் எதற்குக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. நல்லவராக இருக்கலாம், பயந்தவராகவும் இருக்கலாம். இரண்டுமாக இருக்கிறவர்கள்தான் நிறையப் பேர். நானும் அந்த ரகம்தான் என்று இந்தக் கடிதத்திலேயே தெரிந்திருக்கும்.

இன்று காலை அச்சகத்துக்குப் போய்ப் பத்திரிகையை நிறுத்தி வைக்கச் சொன்னேன். அக்காவிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். அது தலையில் அடித்துக்கொண்டது. காளவாசலில் யார் கேட்டாலும் என் மகளுக்கு வலது முழங்காலில் அடிபட்டிருந்தது, அவளே சரிசெய்துகொண்டாள் என்று சொல்கிறேன். முதலில் சொல்லும்போது நாக்குத் தடுமாறியது. நாலாவது ஆளிடம் சொல்லும்போது தடுமாறவில்லை. அன்றைக்கு வேனில் வந்தவர்களில் ஒருவர், "அன்னைக்கே கால் நொண்டுச்சேண்ணே, எங்களுக்குத் தெரிஞ்சுச்சே, நீங்க பாக்கலையா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன்.

மாப்பிள்ளை கடிதம் உனக்கு இரண்டு மூன்று நாளில் வரும். வராமலும் போகலாம், வரவில்லை என்றால் அதுவும் ஒரு பதில். வந்தால் நிதானமாகப் படி. அழகான வார்த்தைகளை விட்டுவிடு. உன் காலைப் பற்றி எத்தனை வரி, தன் அப்பாவைப் பற்றி எத்தனை வரி என்று பார். உனக்கு அவரைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் அம்மா சொன்னாள். பிடித்திருந்தால் அவரோடு சண்டை போட்டாவது உன் காலுக்கு வேண்டியதை வாங்கு. சண்டை போட இடம் இல்லாத வீடு என்று தோன்றினால் அதையும் எனக்கு எழுது. இருபத்திரண்டு வயதில் நின்ற கல்யாணத்தால் ஒரு பெண்ணுக்கு எதுவும் ஆகிவிடாது. ஊர் பேசும். பேசுகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் குரல் எப்படி இருக்கும் என்று உனக்கும் எனக்கும் நன்றாகப் பழக்கம். எப்படியானாலும், எங்கே இருந்தாலும், விடிந்ததும் மிதிப்பதை ஒரு நாள்கூட யாருக்காகவும் நிறுத்தாதே. எனக்காகவும்.

நான் இதைச் செய் என்று இந்தக் கடிதத்தில் சொல்லியிருக்கிறேனா என்று தேடாதே. சொல்லவில்லை. எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் வாயை மூடி வைத்திருக்கிறேன், அது எவ்வளவு கஷ்டம் என்று உன் அம்மாவைக் கேள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மறுபடி வாடிப்பட்டிக்குப் போகிறேன். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று நீ எழுது. கடிதம் வந்து சேராது என்று தோன்றினால் தந்தி அடி. நீ சொல்வதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா